வேலையை இடம் மாற்றினால் என்ன செலவு?

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு தையற்கடைக்குள் எட்டிப் பாருங்கள். நான்கு எந்திரங்கள், நான்கு தையற்காரர்கள். முதலாமவரின் மேசையில் ஒரு சட்டை பாதி தைத்த நிலையில் இருக்கிறது. வெட்டிய துணித் துண்டுகள், அளவுச் சீட்டு, அதே நிற நூல் சுற்றிய பாபின், பொத்தான்கள் எல்லாம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் பரவிக் கிடக்கின்றன. அப்போது அவசர வேலை ஒன்று வருகிறது. அதை முதலாமவரே செய்யத் தொடங்குகிறார். பாதிச் சட்டை ஓரமாக வைக்கப்படுகிறது. அதே சமயம் மூன்றாவது தையற்காரர் தம் வேலையை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

கடை முதலாளி இப்போது என்ன செய்ய வேண்டும்? பாதிச் சட்டையை மூன்றாமவரிடம் கொடுக்கலாமா? முதலாமவர் அவசர வேலையை முடிக்கும்வரை காத்திருக்கலாமா?

"சும்மா இருப்பவரிடம் கொடுப்பதுதானே முறை?" என்று கேட்பீர்கள். ஆனால் மூன்றாமவர் துணித் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். தம் எந்திரத்தில் நூலை மாற்ற வேண்டும். அளவுச் சீட்டைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அவசர வேலை இரண்டு நிமிடத்தில் முடியக்கூடியது என்றால் காத்திருப்பதே லாபம். இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்றால் மாற்றிக் கொடுப்பதே லாபம்.

உங்கள் பள்ளியில் உள்ள கணிப்பொறியும் உங்கள் வீட்டுக் கைபேசியும் இதே கேள்விக்கு ஒவ்வொரு வினாடியும் பலமுறை விடை கண்டுகொண்டிருக்கின்றன. அது எப்படி என்று பார்ப்போம்.

ஒரே சில்லில் பல தையற்காரர்கள்

கணிப்பொறியில் கட்டளைகளை நிறைவேற்றும் பகுதி செயலி. நெடுங்காலம் ஒரு செயலிச் சில்லில் கணக்கிடும் பகுதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செயலியின் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் அதன் துடிப்பின் வேகத்தைக் கூட்டினார்கள். துடிப்பு கூடக் கூடச் சில்லு சூடாயிற்று. ஓர் எல்லைக்கு மேல் அந்த வெப்பத்தைத் தணிப்பது கடினமாகிவிட்டது. ஆகவே பொறியாளர்கள் வழியை மாற்றினார்கள். ஒரே சில்லில் கணக்கிடும் பகுதிகள் பலவற்றை அமைத்தார்கள். இப்பகுதி ஒவ்வொன்றுக்கும் கோர் என்று பெயர். 2001-இல் ஐ.பி.எம். நிறுவனம் பவர்4 என்னும் இரு கோர் செயலியை வெளியிட்டது. 2005-இல் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் மேசைக் கணிப்பொறிகளுக்கான இரு கோர் செயலிகளை விற்கத் தொடங்கின. இன்று சாதாரணக் கைபேசியிலேயே எட்டு கோர்கள் இருக்கின்றன.

கோர்கள்தாம் நம் கதையில் வரும் தையற்காரர்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்தாம் தைக்க வேண்டிய துணிகள். இவற்றைப் பணிகள் என்று அழைப்போம். கடை முதலாளி யார்? இயக்க அமைப்பு. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்பன எல்லாம் இயக்க அமைப்புகளே. எந்தப் பணி, எந்தக் கோரில், எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று முடிவு செய்வதற்கென்றே இயக்க அமைப்புக்குள் ஒரு பகுதி உண்டு. அதைப் பங்கீட்டாளர் என்று சொல்லலாம்.

கைக்கெட்டும் நினைவகம்

தையற்காரரின் மேசைக்கு ஈடானது கணிப்பொறியில் எது? இதுதான் இப்பாடத்தின் உயிர்நாடி. சற்றுக் கவனமாகப் படியுங்கள்.

பணிக்கு வேண்டிய எண்களும் கட்டளைகளும் முதன்மை நினைவகத்தில் இருக்கின்றன. அது கடையின் பின்கட்டில் உள்ள அலமாரியைப் போன்றது. இடம் அதிகம், ஆனால் போய் எடுத்துவர நேரமாகும். ஆகவே ஒவ்வொரு கோருக்கும் அருகிலேயே கேச் நினைவகம் என்னும் சிறிய, மிக விரைவான நினைவகத்தை வைத்திருக்கிறார்கள். அலமாரியிலிருந்து ஒருமுறை எடுத்த பொருளின் நகல் மேசைமேலேயே இருக்கும். அடுத்த முறை வேண்டும்போது பின்கட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

இக்கேச் நினைவகம் பெரும்பாலும் மூன்று அடுக்குகளாக அமைந்திருக்கும். முதல் அடுக்கு மிகச் சிறியது, மிக விரைவானது. இரண்டாம் அடுக்கு சற்றுப் பெரியது. பல செயலிகளில் இவ்விரண்டும் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக இருக்கும். மூன்றாம் அடுக்கைப் பல கோர்கள் பொதுவாகப் பயன்படுத்தும்.

வேகத்தில் எவ்வளவு வேறுபாடு தெரியுமா? 3 கிகாஹெர்ட்ஸ் செயலி வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. முதல் அடுக்கிலிருந்து ஓர் எண்ணை எடுக்கச் சுமார் 4 அல்லது 5 துடிப்புகள் ஆகும். இரண்டாம் அடுக்கிலிருந்து எடுக்கச் சுமார் 15 துடிப்புகள். மூன்றாம் அடுக்கிலிருந்து எடுக்க 40 அல்லது அதற்கும் மேல். முதன்மை நினைவகத்திலிருந்து எடுக்கவோ 200 முதல் 300 துடிப்புகள் ஆகும். ஒரு துடிப்பை ஒரு வினாடி என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். மேசையிலிருந்து எடுக்க நான்கைந்து வினாடி. அலமாரியிலிருந்து எடுக்க ஐந்து நிமிடம்!

ஒரு பணி ஒரு கோரில் சிறிது நேரம் ஓடிவிட்டால் அதற்கு வேண்டியவை எல்லாம் அந்தக் கோரின் கேச்சில் வந்து சேர்ந்துவிடும். கணிப்பொறிப் பொறியாளர்கள் இந்நிலையை, "கேச் சூடாக இருக்கிறது" என்பார்கள். அப்பணியைத் தூக்கி வேறு கோரில் வைத்தால்? பணி போய்விடும், மேசைமேல் இருந்த பொருள்கள் கூடவே போகா. புதிய கோரின் கேச் இப்பணியைப் பொறுத்தவரை குளிர்ந்து கிடக்கும். எல்லாவற்றையும் மறுபடி எடுத்துவர வேண்டும்.

ஒரு சிறிய கணக்கு

இச்செலவு எவ்வளவு? தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோரின் இரண்டாம் அடுக்குக் கேச் 256 கிலோபைட் என்று கொள்வோம். அதாவது 2,62,144 பைட்டுகள். முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு பைட்டை மட்டும் தனியாக எடுத்து வருவதில்லை. பெரும்பாலான செயலிகளில் 64 பைட்டுகளை ஒரு கட்டாகவே எடுத்து வருவார்கள். அப்படியானால் கேச் முழுவதையும் நிரப்ப,

2,62,144 ÷ 64 = 4,096 கட்டுகள்

வேண்டும். ஒரு கட்டைக் கொண்டுவர 100 நானோவினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால்,

4,096 × 100 = 4,09,600 நானோவினாடி

அதாவது சுமார் 0.41 மில்லிவினாடி.

"இவ்வளவுதானா!" என்று தோன்றுகிறதா? அந்த நேரத்தில் நம் செயலி சுமார் 12 இலட்சம் முறை துடித்திருக்கும். ஒரு பணி வினாடிக்கு ஒருமுறை இடம் மாறினால் இந்த இழப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் வினாடிக்கு 500 முறை இடம் மாறினால்? 500 × 0.41 = 205 மில்லிவினாடி. உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு, பொருளைத் தேடி எடுப்பதிலேயே போய்விடும்.

உண்மையில் செயலி பல கட்டுகளை ஒரே நேரத்தில் கேட்டு வாங்கும். அடுத்து எது வேண்டியிருக்கும் என்று ஊகித்து முன்கூட்டியே எடுத்தும் வைக்கும். புதிய கோரும் பழைய கோரும் ஒரே மூன்றாம் அடுக்கைப் பகிர்ந்துகொண்டால் பொருள்கள் அங்கேயே கிடைத்துவிடும். ஆகவே உண்மைச் செலவு பெரும்பாலும் நம் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும். என்றாலும் 0.41 என்னும் இந்த எண்ணை நினைவில் வையுங்கள். மீண்டும் அதனைச் சந்திக்கப் போகிறோம்.

நாட்டம் என்றால் என்ன?

வேதியியல் பாடத்தில் எலக்ட்ரான் நாட்டம் என்று படித்திருப்பீர்கள். அங்கே நாட்டம் என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அஃபினிட்டி. கணிப்பொறியிலும் அதே சொல்தான். ஒரு பணி தான் முன்பு ஓடிய கோரிலேயே மீண்டும் ஓட விரும்பும் தன்மையைச் செயலி நாட்டம் என்கிறோம். உண்மையில் பணிக்கு விருப்பம் ஏதும் இல்லை. அதன் சார்பில் இயக்க அமைப்புதான் அந்த விருப்பத்தைக் காட்டுகிறது.

நாட்டம் இரு வகைப்படும். "கூடியமட்டும் பழைய கோரிலேயே வைப்பேன், தேவை வந்தால் மாற்றுவேன்" என்று இயக்க அமைப்பு தானாகக் கடைப்பிடிப்பது மென் நாட்டம். "இப்பணி இந்தக் கோரைத் தவிர வேறெங்கும் ஓடக் கூடாது" என்று பயனாளரோ நிரலோ கட்டளையிடுவது வன் நாட்டம்.

லினக்ஸ் கற்ற பாடம்

லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மூல நிரல் எல்லாரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டிருப்பதால், பங்கீட்டாளர் எப்படி வளர்ந்தது என்பதை நாம் வரிவரியாகப் பார்க்க முடிகிறது.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டபோது லினக்ஸ் ஒரே செயலிக்காக எழுதப்பட்டிருந்தது. 1996-இல் வந்த 2.0 பதிப்பில்தான் பல செயலிகளுக்கு இடமளிக்கப்பட்டது. 2001-இல் வந்த 2.4 பதிப்பு வரையிலும் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஒரே காத்திருப்பு வரிசைதான். எந்தச் செயலி ஓய்கிறதோ அது வரிசையைப் பார்த்து ஒரு பணியை எடுத்துக்கொள்ளும். இம்முறையில் ஒரு பணி பந்துபோல் ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடும் அல்லவா? அதைத் தடுக்க ஓர் உபாயம் செய்திருந்தார்கள். பணிகளுக்கு மதிப்பெண் போடும்போது, "இது கடைசியாக என்னிடம் ஓடிய பணி" என்றால் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். அதுவே மென் நாட்டம். ஆனாலும் தாவல் முற்றும் நிற்கவில்லை. மேலும், ஒரே வரிசையை எல்லாச் செயலிகளும் முட்டி மோதிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

2002-இல் இங்கோ மோல்னார் என்னும் நிரலாளர் புதிய பங்கீட்டாளரை எழுதினார். அதில் ஒவ்வொரு செயலிக்கும் தனி வரிசை. ஒரு வரிசையில் சேர்ந்த பணி இயல்பாகவே அங்கேயே இருந்துவிடும். நாட்டம் தானாகவே அமைந்துவிட்டது. ஆனால் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. ஒரு வரிசையில் பத்துப் பணிகள், இன்னொன்றில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டால்? ஆகவே சுமையைச் சமன் செய்யும் பகுதியும் சேர்க்கப்பட்டது. அது அவ்வப்போது வரிசைகளை ஒப்பிட்டு, நிறைந்த வரிசையிலிருந்து காலியான வரிசைக்குப் பணிகளை நகர்த்துகிறது. முதலில் பக்கத்து மேசை, பிறகு அதே அறை, கடைசியாக அடுத்த அறை என்பதுபோல, கேச்சைப் பகிர்ந்துகொள்ளும் அண்டைக் கோர்களை முதலில் பார்க்கிறது.

ஒரு பணியை நகர்த்தும் முன் லினக்ஸ் கேட்கும் கேள்வி சுவையானது. "இப்பணி கடைசியாக எப்போது ஓடியது?" மிகச் சமீபத்தில் ஓடியது என்றால் அதன் கேச் இன்னும் சூடாக இருக்கும் என்று கருதி நகர்த்தத் தயங்குகிறது. "மிகச் சமீபம்" என்பதற்கு அது இயல்பாக வைத்துக்கொள்ளும் அளவு என்ன தெரியுமா? 0.5 மில்லிவினாடி! தாளில் நாம் போட்ட 0.41-க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது பாருங்கள். ஆனால் இத்தயக்கம் பிடிவாதமன்று. பலமுறை முயன்றும் சுமை சமமாகவில்லை என்றால் சூட்டையும் பாராமல் பணியை நகர்த்திவிடுகிறது. பங்கீட்டு விதிகள் அதன்பின் 2007-லும் 2023-லும் பெரிதும் மாற்றி எழுதப்பட்டன. இந்த அடிப்படை எண்ணம் மட்டும் மாறவில்லை.

இருமத்தில் ஓர் உத்தரவு

வன் நாட்டத்துக்கான வசதியும் அதே 2002-ஆம் ஆண்டில்தான் லினக்ஸில் சேர்ந்தது. "எந்தெந்தக் கோர்களில் ஓடலாம்?" என்பதை இயக்க அமைப்புக்கு எப்படித் தெரிவிப்பது? இதற்கு நீங்கள் கணிதத்தில் படித்த இரும எண்கள் உதவுகின்றன.

கோர்களை 0, 1, 2, 3 என்று எண்ணுவோம். ஒவ்வொரு கோருக்கும் இரும எண்ணில் ஓர் இடம் உண்டு. வலப்பக்கம் கடைசி இடம் 0-ஆம் கோருக்கு. அனுமதி உண்டு என்றால் 1. இல்லை என்றால் 0. நான்கு கோர்கள் உள்ள எந்திரத்தில் 0-ஆம் கோரிலும் 2-ஆம் கோரிலும் மட்டும் ஓடலாம் என்றால் 0101 என்று எழுத வேண்டும். அதன் மதிப்பு 4 + 1 = 5. எட்டு கோர்களிலும் ஓடலாம் என்றால் 11111111, அதாவது 255. ஒரே எண்ணில் முழு உத்தரவும் அடங்கிவிடுகிறது. இந்த எண்ணை நாட்ட முகமூடி என்கிறார்கள். அனுமதி இல்லாத கோர்களை மூடி மறைத்துவிடுவதால் இப்பெயர் பொருத்தமே.

வன் நாட்டத்தால் யாருக்குப் பயன்? ஒரு கருவியைக் குறித்த நேரத்தில் தவறாமல் இயக்க வேண்டிய நிரலுக்கு ஒரு கோரைத் தனியாக ஒதுக்கி, மற்றப் பணிகள் எதையும் அங்கே வரவிடாமல் செய்யலாம். இரண்டு செயலிச் சில்லுகள் பொருத்திய பெரிய கணிப்பொறிகளில் ஒவ்வொரு சில்லுக்கும் அருகில் தனி நினைவகம் இருக்கும். அடுத்த சில்லின் நினைவகத்தை அணுக நேரம் கூடுதலாகும். அங்கே பணியை அதன் நினைவகத்தின் அருகிலேயே கட்டி வைப்பது நல்லது.

நாட்டம் மிஞ்சினால்

அப்படியானால் எல்லாப் பணிகளையும் ஒவ்வொரு கோரில் கட்டிப் போட்டுவிடலாமா? கூடாது. கட்டிப் போட்ட பணிக்குத் தன் கோரில் இடமில்லை என்றால், மற்ற ஏழு கோர்கள் சும்மா இருந்தாலும் அது காத்துத்தான் கிடக்க வேண்டும். முதலாளி, "இந்தச் சட்டையை முதலாமவரைத் தவிர யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டதுபோல் ஆகும்.

வன் நாட்டம் மட்டும் அல்ல, மென் நாட்டமும் மிஞ்சக் கூடாது. 2016-இல் ழான்-பியேர் லோசி முதலிய ஆராய்ச்சியாளர்கள், அறுபத்து நான்கு கோர்கள் கொண்ட ஒரு பெரிய எந்திரத்தில் லினக்ஸ் பங்கீட்டாளரை ஆராய்ந்தார்கள். சில வேளைகளில் சில கோர்கள் வினாடிக் கணக்கில் சும்மா இருக்க, வேறு கோர்களின் வரிசையில் பணிகள் காத்துக் கிடந்ததைக் கண்டார்கள்! அவர்கள் கண்ட குறைகளில் ஒன்றின் காரணம் என்ன தெரியுமா? தூங்கி எழும் பணியை, கேச் பயன்படும் என்ற நல்லெண்ணத்தோடு, பழைய கோர்கள் இருந்த பகுதிக்குள்ளேயே எழுப்பியதுதான். அடுத்த பகுதியில் காலியாக இருந்த கோர்களை அது திரும்பியும் பார்க்கவில்லை. இத்தகைய குறைகளால் ஒரு தரவுத்தள மென்பொருளின் வேலைத்திறன் 14 முதல் 23 சதவீதம் வரை குறைந்ததாக அவர்கள் அளந்து காட்டினார்கள்.

இன்று கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கிறது. எல்லாக் கோர்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2011-இல் ஆர்ம் நிறுவனம், வேகமான பெரிய கோர்களையும் மின்சாரம் குறைவாகச் செலவழிக்கும் சிறிய கோர்களையும் ஒன்றாகச் சேர்க்கும் முறையை அறிவித்தது. கைபேசிகளில் அது பரவியது. 2021-இல் இன்டெல்லின் மேசைக் கணிப்பொறிச் செயலிகளும் இவ்வழிக்கு வந்தன. ஆகவே, "பழைய இடமா, காலி இடமா?" என்பதோடு, "வேகமான இடமா, சிக்கனமான இடமா?" என்றும் பங்கீட்டாளர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு சோதனை. உங்களுக்குத் தெரிந்த கணிப்பொறி மொழியில், ஓர் எண்ணோடு 1-ஐக் கோடிக் கணக்கான முறை கூட்டும் சிறு நிரல் எழுதுங்கள். அது முடியச் சுமார் ஒரு நிமிடம் ஆகும்படி எண்ணிக்கையை அமையுங்கள்.

முதலில் ஒரு நிரலை மட்டும் ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். அடுத்து அதே நிரலை இரண்டு சாளரங்களில் ஒரே சமயத்தில் ஓட்டுங்கள். நேரம் ஏறக்குறைய அதேதான் இருக்கும். இயக்க அமைப்பு இரண்டையும் வெவ்வேறு கோர்களில் வைத்திருக்கும். மூன்றாவதாக, இரண்டையும் ஓடவிட்டு, உடனே இரண்டையும் ஒரே கோரில் கட்டுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீடெயில்ஸ் பக்கத்தில் நிரலின் பெயர்மேல் வலப்பொத்தானை அழுத்தினால், செட் அஃபினிட்டி என்ற தெரிவு கிடைக்கும். லினக்ஸில் டாஸ்க்செட் என்னும் கட்டளை உண்டு. இப்போது நேரம் ஏறக்குறைய இரு மடங்காகும்.

உங்கள் சொந்த நிரல்களில் மட்டும் இதைச் செய்யுங்கள். கணிப்பொறியின் பிற பணிகளைத் தொட வேண்டாம். நிரல் முடிந்ததும் அந்தக் கட்டும் நீங்கிவிடும்.

தவறான கட்டால் வந்த இழப்பை இவ்வாறு எளிதில் கண்டுவிடலாம். சரியான கட்டால் வரும் லாபத்தையோ இச்சிறு நிரலில் காண்பது அரிது. அதற்குக் கேச்சில் வைத்துக்கொள்ள வேண்டிய பொருளே இல்லை அல்லவா? எதையும் கட்டும் முன் அளந்து பார்க்க வேண்டும். கட்டிய பின்னும் அளந்து பார்க்க வேண்டும். நல்ல பொறியாளரின் வழக்கம் அதுவே. லாபம் அளவில் தெரியாவிட்டால் முடிவைப் பங்கீட்டாளரிடமே விட்டுவிடுவது நன்று.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. எட்டு கோர்கள் உள்ள எந்திரத்தில் ஒரு பணியின் நாட்ட முகமூடி 12. அது எந்தெந்தக் கோர்களில் ஓடலாம்?

2. கேச் 1 மெகாபைட் என்றால், நம் கணக்குப்படி அதை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

3. விண்டோஸ் 7 வந்த 2009 முதல், 64-க்கு மேற்பட்ட கோர்களை விண்டோஸ் குழு குழுவாகப் பிரிக்கிறது. ஒரு குழுவில் 64-க்கு மேல் இராது. முகமூடி ஓர் எண் என்பதை நினைவில் கொண்டு, அது ஏன் 64 என்று சொல்லுங்கள்.

4. உங்கள் ஊர்த் தையற்கடைக்காரரிடம், பாதி தைத்த துணியை எப்போது வேறு ஆளிடம் மாற்றிக் கொடுப்பார் என்று கேட்டு வாருங்கள். அவர் சொல்லும் விதியை லினக்ஸின் விதியோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.